முகமில்லாத கார்டு

சனிக்கிழமை காலை, முக்காஷ் ஐயாவின் மூக்குக்குக் கீழே இருந்த குழாய் பாதி அழிந்துகொண்டிருந்தபோது என் மானிட்டரில் பச்சைக் கோடுகள் ஓடின. பிறகு ஊதாக் கோடுகள். பிறகு ஒரே கறுப்பு. சிபியுவுக்குள்ளிருந்து பொசுங்கிய வாடை வந்தது. எத்தனையோ வருஷம் உழைத்த கிராபிக்ஸ் கார்டு இன்னும் ஒரே ஒரு பகல் உழைத்திருந்தால் போதும். அதற்குள் அதற்கு என்ன அவசரமோ.

நான் கல்யாண வீடியோக்காரி. கல்யாண மாதமான செப்டம்பரில் பிஷ்கெக் நகரத்தில் எங்கள் தொழில்காரர்கள் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு பெர்மெத்தின் கல்யாண விருந்து. விருந்தில் அவளுடைய அப்பா முக்காஷ் ஐயா பெரிய திரையில் தோன்றி அவளுக்கு ஆசி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு பாத்தா என்று பெயர். பெரியவர் சொல்லச் சொல்ல எல்லோரும் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு கேட்போம், முடிவில் 'ஓமின்' என்று முகத்தைத் தடவிக்கொள்வோம். அப்பனுடைய பாத்தா இல்லாமல் ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் அவள் பாதி நனைந்த விறகு என்பார்கள்.

ஐயா நேரில் வர முடியாது. அவரைப் புதைத்து நாற்பதாம் நாள் ஓதலும் முடிந்துவிட்டது. "என் சாவச் சொல்லிக் கல்யாணத்தத் தள்ளிப்போட்டீங்கன்னா மண்ணுக்குள்ள எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் மல்யுத்தப் பயிற்சியாளர். எருமைக் கழுத்து, கதவை அடைக்கும் தோள். ஆகஸ்டு தொடக்கத்தில் நான் படம் பிடிக்கப் போனபோது அந்தத் தோள் சட்டைக்குள் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒயரை இழுத்து ஆக்சிஜன் மெஷினைத் தோட்டத்தில் வைத்து, ஆப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய்.

"ஆப்பிள் மரம் தெரியட்டும் தோல்குன். குழாய் தெரிய வேணாம்."

"அத அழிச்சிரலாம் ஐயா."

"அழிச்சிருவியா? நெசமா? சம்பந்தி வீட்டு ஜனம் முந்நூறு பேரு வரும். ஒருத்தன்கூட என்னப் பாத்து 'ஐயோ பாவம்'னு சொல்லிரக் கூடாது. எம் பொண்ணோட கல்யாணத்துல நான் பாவமா வரமாட்டேன்."

நான் வாக்குக் கொடுத்தேன். செத்துக்கொண்டிருக்கும் மனிதனின் கண்ணைப் பார்த்துக் கொடுத்த வாக்கு. குழாயை அழிப்பது என்றால் ரப்பர் வைத்துத் தேய்ப்பது இல்லை. ஒவ்வொரு படமாகக் குறித்துக்கொடுத்தால், கணினி அந்த இடத்தில் தோலையும் மீசையையும் வரைந்து நிரப்பும். குறிக்கும் வேலையை முடித்துவிட்டேன். நிரப்பும் வேலைதான் கிராபிக்ஸ் கார்டுடையது. அது செத்துவிட்டது.

என் கணினி பழசு. சீனாவில் கழித்துக்கட்டிய சர்வரின் பிராசஸரை வாங்கி, மலிவான மதர்போர்டில் உட்காரவைத்தது. இங்கே பாதிப் பேரிடம் இதுதான் ஓடுகிறது. அந்தப் பிராசஸர் மாடுபோல உழைக்கும், ஆனால் திரையில் படம் காட்ட அதற்குத் தெரியாது. கார்டு இல்லையென்றால் கணினிக்குக் கண் அவிந்த மாதிரி. தெரிந்தவர்களின் கணினியைக் கேட்டுப் பார்த்தேன். செப்டம்பர் சனிக்கிழமையில் எவன் கணினி சும்மா இருக்கிறது? அவனவன் கல்யாணம் அவனவனுக்கு.

மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் என் கணவர் மிர்லானிடம் போனில் புலம்பிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மினிபஸ் பிடித்துச் சந்தைக்குப் போனேன்.

திலியாரின் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உய்கூர்க்காரன், வாய்க்காரன், ஆனால் பொய்க்காரன் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டுகளை மீன் மாதிரி வரிசையாகப் படுக்கவைத்திருப்பான்.

"என்ன தோல்குன் அக்கா, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? மாமியார் வந்துட்டாங்களா?"

"கார்டு போயிருச்சு. சாயங்காலத்துக்குள்ள வேலை முடியணும். நல்லதா ஒண்ணு எடு."

அவன் முதலில் புதுசு ஒன்றைக் காட்டினான். மூன்று காற்றாடி, முழங்கை நீளம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"கரண்ட் குடுக்கிற உங்க எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்?" என்றான்.

சொன்னேன். அவன் கார்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

"கழுதை மேல யானைய ஏத்துற கதைதான். ரெண்டு நிமிஷம் ஓடும், மூணாவது நிமிஷம் வீடே இருட்டாயிரும். அதோட உங்க சிபியு டப்பாவுல இது நுழையாது. ஹார்டு டிஸ்க் கூண்டுல இடிக்கும்."

பிறகு இன்னொன்று. அது நுழையும், ஆனால் பழைய மதர்போர்டில் வேலை செய்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றான். இன்னொன்று, பிட்காயின் என்ற கணினிக்காசைக் கணக்குப் போட்டே தோண்டும் ஒரு கொட்டகையில் இரவும் பகலும் வெந்தது. கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாலும், மூக்கருகே கொண்டுபோனால் ஆட்டுக்கொட்டகை வாடை லேசாக வந்தது. கடைசியாக ஒன்று எடுத்தான். இரட்டைக் காற்றாடி, குட்டை உடம்பு, ஒரே ஒரு மின்கம்பி போதும். ஏதோ அலுவலகத்தில் இருந்து வந்தது. கடைக் கணினியில் மாட்டியே காட்டினான். சூடு ஏறவில்லை, சத்தம் இல்லை.

"இதான் உங்களுக்கு. உங்க கிழட்டு மெஷினுக்குன்னே பெத்துப்போட்ட மாதிரி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கைப்பையைத் திறந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

என் கணவரின் அண்ணன். அவர் பெயரை நான் சொல்வதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. மூத்தார் என்றே வைத்துக்கொள்வோம். சீனா பார்டருக்கு லாரி ஓட்டுகிறார். அதற்கு முன்னால் தோக்மோக் பக்கம் ஆட்டுக்கொட்டகையில் ஆடுகளுக்குப் பதிலாகக் கார்டுகளை அடுக்கி பிட்காயின் தோண்டினார். மின்சாரக்காரர்கள் வந்து ஒயரை வெட்டும்வரை நன்றாகத்தான் தோண்டினார்.

"கெலின், எங்க நிக்கிற?" மருமகளே என்று அர்த்தம், என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை பாய்கே என்பேன், அண்ணன் என்று அர்த்தம்.

"சந்தையில, பாய்கே. கார்டு வாங்க."

"மிர்லான் மாஸ்கோவுல இருந்து போன் பண்ணினான். கார்டு வாங்கக் கடைக்குப் போறியா? எங்கிட்ட கொட்டகை நிறைய கார்டு கெடந்துச்சு, எந் தம்பி பொண்டாட்டி கடைக்காரன்கிட்ட கை நீட்டுறதா? நாலு பேரு கேட்டா எம் மூஞ்சில துப்ப மாட்டானா? ஒண்ணும் வாங்காத. வீட்டுக்குப் போ. நான் கொண்டாறேன்."

"பாய்கே, இது நல்லா..."

"கொண்டாறேன்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் பேச்சு கிடையாது. மூத்தாரின் பேச்சை வெட்டிப் பேசும் கெலின் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. திலியார் கார்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் எடுத்து வை" என்றேன்.

"இன்னைக்கு சனிக்கிழமை, அக்கா. எடுத்து வெக்கிற நாளா இது?"

எனக்குப் பின்னால் ஒரு மாணவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படியேறும்போதே "இது என்ன விலை?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் கையைக் கடித்திருப்பேன்.

மூத்தார் மதியம் வந்தார். கார்டைப் புதுத் துண்டில் சுற்றி, மேலே பூப்போட்ட தலைத்துணியால் முடிச்சுப் போட்டிருந்தார், மணப்பெண்ணுக்குச் சீர் கொண்டுவருவது மாதிரி. இரண்டு கையாலும் நீட்டினார். நான் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினேன்.

"இருந்ததுலயே நல்லத எடுத்தேன். கொட்டகையில இதுதான் ராசா. பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லாயிருக்கு, பாய்கே."

துண்டு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பதை யார் கண்டார்? கொடுத்தவர் முன்னால் முடிச்சை அவிழ்ப்பது எங்களில் பெரிய மரியாதைக்கேடு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? அதுவும் கொடுத்தவர் புருஷனின் அண்ணன். அலமாரியின் மேல் வைத்தேன். மேல் இடம், மரியாதையான இடம். கணினி அதற்குக் கீழே வயிற்றைத் திறந்தபடி கிடந்தது.

"மொதல்ல டீ" என்றார் மூத்தார், கால்களை மடித்து உட்கார்ந்தபடி.

எங்களில் விருந்தாளிக்குக் கோப்பை நிறைய டீ ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். கொஞ்சம் கொஞ்சமாக, கோப்பையின் அடி நனையும் அளவுக்கு ஊற்றினால் 'இரு, இன்னும் பேசு' என்று பொருள். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவர் பேசினார். தோருகார்த் கணவாயில் பனி விழுந்ததைப் பேசினார். டயரைப் பேசினார். மிர்லான் சின்ன வயதில் கழுதையிலிருந்து விழுந்ததைப் பேசினார். சுவர்க் கடிகாரம் என் முதுகுப் பக்கம் இருந்தது, திரும்பிப் பார்த்தால் விரட்டுவதாக ஆகிவிடும். அது நகரும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கட்டத்தில் என் கை கெண்டியை அப்படியே சாய்த்துக் கோப்பையை விளிம்பு வரை நிரப்பத் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் போர்சோக் என்ற பொரித்த மாவுத்துண்டை கைமாக் பாலாடையில் தோய்த்துத் தின்றார்.

"யாரோட கல்யாணம் இன்னைக்கு?"

"முக்காஷ் ஐயா பொண்ணு, பாய்கே."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "மல்யுத்தக்கார முக்காஷா? என்னை ஒரு தடவ தூக்கி எறிஞ்சிருக்கான். ஸ்கூல்ல. எழுந்திரிக்கவே முடியல. கையக் குடுத்துத் தூக்கிவிட்டதும் அவன்தான்." உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார். "சரி, நீ வேலையப் பாரு. கீழே லாரிக்கு டயரு மாத்தணும்."

அவர் செருப்பு மாட்டும் வரை வாசலில் நின்றேன். கதவைச் சாத்தினேன். முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன்.

கார்டு கனமாக, நல்ல திடமாக இருந்தது. தூசி இல்லை. ஒரே மின்கம்பிதான் கேட்டது, என் எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சரியாக இருந்தது. அளவும் சரி. ஒரு கணம் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு மானிட்டர் கம்பியை எடுத்து, செருகும் இடத்தைத் தேடி அதன் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

ஓட்டையே இல்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். பின்பக்கத் தகட்டில் காற்றுப் போகும் சின்னத் துளைகள் இருந்தன, அவ்வளவுதான். மானிட்டரைச் செருக ஒரு வாய்கூடக் கிடையாது. கொட்டகைக்கென்றே செய்த கார்டு அது. கணக்குப் போடும், காசு தோண்டும், ஆனால் தோண்டுவதை யாரும் பார்க்க வேண்டியதில்லையே, அதனால் படம் காட்டும் வாயை வைக்காமலே செய்திருக்கிறார்கள். முகமில்லாத கார்டு. வேறு பிராசஸராக இருந்தால் படத்தை அது காட்டியிருக்கும். என் பிராசஸர்தான் குருடாயிற்றே.

திலியாருக்குப் போன் போட்டேன்.

"வித்தாச்சுக்கா. நீங்க படியேறுனதும் அந்தப் பையன் தூக்கிட்டான்."

"வேற?"

"யானைதான் இருக்கு."

மாஸ்கோவுக்குப் போன் போட்டேன். மிர்லான் ஏதோ கட்டடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார், காற்று இரைந்தது.

"உங்கண்ணன் கொடுத்த கார்டுல மானிட்டர் மாட்டவே முடியாது."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. பாவம், எவ்வளவு சந்தோஷமா கொண்டாந்திருப்பாரு. மனசு ஒடிஞ்சிரும். வேற எங்கயாவது கேட்டுப் பாரேன்."

"எங்க கேக்க?"

"கோவப்படாத தோல்குன்."

"எனக்குக் கோவம் வராம வேற என்ன வரும்? அந்த மனுஷனுக்கு வாக்குக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

போனை வைத்துவிட்டு இன்னும் யார் யாருக்கோ அடித்தேன். ஒருவன் எடுக்கவில்லை. ஒருத்தி எடுத்து அழுதாள், அவள் கேமராவே ஓடவில்லையாம். இப்படியே மணி மூன்றாகிவிட்டது. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சும்மா இல்லை. முகமில்லாத கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைத் திட்டினேன். பிறகு என்னையே திட்டினேன். சொல்ல வேண்டிய ஒரே ஆள் ஐந்து மாடிக்குக் கீழே டயர் மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் ஊரெல்லாம் போன் போடுகிறேன்.

கார்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். தலைத்துணிகூடச் சரியாகக் கட்டவில்லை.

மூத்தார் லாரிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. பக்கத்து பெஞ்சில் ஆம்பளைகள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்திலா சொல்ல வேண்டும்? வேறு இடமும் இல்லை, வேறு நேரமும் இல்லை.

"பாய்கே."

"என்ன கெலின்?"

"இந்தக் கார்டுல மானிட்டர் மாட்ட எடமே இல்ல. இதால எனக்குப் படம் வராது."

டோமினோச் சத்தம் நின்றது. லாரிக்கு அடியில் ஸ்பானர் தரையில் விழுந்தது. மூத்தார் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. கிரீஸ் கையால் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெஞ்சிலிருந்து ஒருவர் சிரித்தார். "என்னப்பா, கண்ணில்லாத குதிரையத் தலையில கட்டிட்டியா?"

"நீ காயப் பாத்து ஆடு" என்றார் மூத்தார், திரும்பாமலே. பிறகு என்னைப் பார்த்தார். "இத ஏன் நான் டீ குடிக்கும்போதே சொல்லல?"

"உங்க முன்னால பிரிக்கக் கூடாதில்ல, பாய்கே."

"நான் எறங்கி வந்த பெறகு பிரிச்சேல்ல?"

"ஆமா."

"நான் இங்கதானே கெடக்கேன்?"

எனக்கு அழுகைதான் வந்தது, ஆத்திரத்தில் வரும் அழுகை. "உங்க மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் பாக்கிறோம். அங்க முக்காஷ் ஐயா மூக்குல குழாயோட உக்காந்திருக்காரு. முந்நூறு பேரு பாக்கப் போறாங்க. பாவமா வரமாட்டேன்னு எங்கிட்ட சொன்னாரு. நான் அழிக்கிறேன்னு சொன்னேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகு அந்த முற்றத்தில் யாரும் என் குரலை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மூத்தார் கார்டின் மேல் பட்ட கிரீஸைச் சட்டையில் துடைத்தார். பிறகு கார்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, முற்றத்து ஓரத்தில் இருந்த இரும்பு கராஜை நோக்கி நடந்தார். உள்ளே தகரம் உருளும் சத்தம் கேட்டது. ஆணியும் திருகும் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதைத் துழாவி ஒன்றை வெளியே எடுத்தார். உள்ளங்கையளவு, காற்றாடிகூட இல்லாத ஒரு கார்டு. பழசிலும் பழசு. கேம் ஆடினால் சிரிக்கும், வீடியோ ஓட்டினால் அழும்.

"கொட்டகையில ஒவ்வொரு மெஷினுக்கும் இதுல ஒண்ணு இருக்கும். பெருசு வேலை செய்யும், இது முகம் காட்டும். நெதம் தூசி தட்டினவன் நான். எனக்கு ஞாபகம் வரல பாரு, முட்டாப்பய. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மத்தியானமே வந்திருக்கும்."

ஐந்து மாடியும் என்னை முந்திக்கொண்டு ஏறினார்.

பெரியதை மேலே மாட்டினேன், சின்னதைக் கீழே. பொத்தானை அழுத்தினேன். காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பு. மறுபடி அழுத்தினேன். கறுப்பு.

"மாத்திப் போடு" என்றார் மூத்தார். "சின்னது மேல, பெருசு கீழ. கண்ணு தலையிலதானே இருக்கும்?"

கீழே பெரியதுக்கு இடம் போதவில்லை. ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றி வெளியே எடுத்தேன். டிஸ்க்குகள் ஒயரோடு மேஜைமேல் தொங்கின. திருகு ஒன்று கார்ப்பெட்டில் விழுந்தது, அவர் முட்டி போட்டுத் தேடி எடுத்தார். பொத்தானை அழுத்தினேன். திரையின் மூலையில் ஒரு வெள்ளைக்கோடு கண் சிமிட்டியது. பிறகு எழுத்துகள். பிறகு, வண்ணம் வெளுத்துப்போய், ஆனால் முழுசாக, ஆப்பிள் மரமும் அதற்கடியில் முக்காஷ் ஐயாவும்.

"மெலிஞ்சிட்டானே" என்றார் மூத்தார்.

ரெண்டர், அதாவது அந்த நிரப்பும் வேலை, ஓடத் தொடங்கியது. கொட்டகை ராசா நன்றாகத்தான் உழைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணினி காட்டிய நேரம் நமக்குச் சரிப்படாது. முழுவதும் முடிய இரவு எட்டரை ஆகும். ஏழு மணிக்குப் படம் ஓட வேண்டும், அதற்கு மேல் சம்பந்தி வீட்டார் பேச்சு, ஆட்டம். மத்தியானமே ஓடியிருந்தால் ஏழுக்குள் முடிந்திருக்கும்.

படத்தில் இரண்டு பகுதி. முதலில் ஐயா சம்பந்திகளுக்கு சலாம் சொல்லி, மாப்பிள்ளையைக் கேலி செய்கிறார். பிறகு பாத்தா. பாத்தாவை மட்டும் காட்டிவிட்டு சலாமை வெட்ட முடியாது. சம்பந்திக்கு சலாம் சொல்லாமல் விட்டால் செத்தும் திமிர் போகவில்லை என்பார்கள். இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் சுத்தம் செய்ய நேரம் இருக்கிறது.

"எத?" என்றார் மூத்தார்.

எத்தனை கார்டிலிருந்து காலையில் ஒன்றைத் தேர்ந்தேன், அது ஒரு விஷயமே இல்லை என்று இப்போது தோன்றியது. சலாம் வரும்போது எல்லோரும் முதன்முதலாக அவரைப் பார்ப்பார்கள். குழாயோடு பார்த்தால் அங்கேயே 'ஐயோ பாவம்' வந்துவிடும். ஆனால் பெர்மெத் கை விரித்து உட்கார்ந்திருக்கும் நேரம் பாத்தாதான்.

"பாத்தா" என்றேன். முதல் பகுதியை நிறுத்தினேன், இரண்டாவதை ஓடவிட்டேன்.

பாத்தா பகுதி முடிந்ததும் மூத்தார் கராஜில் நின்ற காரை எடுத்து ஓட்டினார். பென்டிரைவை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார், நான் முக்காஷ் ஐயாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மண்டபத்தில் நுழைந்தபோது இரண்டாவது தட்டு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் என்னைப் பார்த்ததும் மைக்கை எடுத்தார். விளக்குகள் அணைந்தன.

திரையில் ஐயா. மூக்கில் குழாய், காதைச் சுற்றிப் போகும் குழாய், எவ்வளவு பெரிய திரை அது, எவ்வளவு பெரிய குழாய். மண்டபம் முழுவதும் ஒரு முனகல் ஓடியது. சம்பந்தி வீட்டு மேஜையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். 'ஐயோ பாவம்' என்று யாரோ சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சுவரோடு சாய்ந்து நின்றேன். அங்கேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஐயா மூச்சுக்கு நடுவே மாப்பிள்ளையிடம் "எம் பொண்ணு என்னையே பூட்டுப் போட்டு மடக்குவா, நீ பாத்து நடந்துக்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர் கையை விரித்தார். மண்டபத்தில் எல்லோரும் விரித்தார்கள். அந்த இடத்தில்தான் இரண்டாவது பகுதி தொடங்குகிறது.

குழாய் இல்லை.

மீசை, உதடு, வெயில் பட்ட கன்னம். நோயாளி போய், பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. "போற வீட்டுல உன் அடுப்பு அணையாம இருக்கட்டும். உன் வாசல்ல நிக்கிற காலு உறவுக்காலா இருக்கட்டும். நான் இல்லாத எடத்துல என் பேரு உன் முதுகுக்குத் துணையா நிக்கட்டும். ஓமின்." முந்நூறு பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மூத்தாரும் தடவினார், கையை உடனே எடுக்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார். "பாத்தீங்களா, பாத்தா குடுக்கிறதுக்காகக் குழாயக் கழட்டிட்டான். மூச்சு இல்லாம உக்காந்து குடுத்திருக்கான்." அந்தப் பேச்சு மேஜைக்கு மேஜை தாவியது. ஆம்பளைகள் தலையாட்டினார்கள். 'பாவம்' என்று இப்போது யாரும் சொல்லவில்லை. 'ஆம்பள' என்றார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம். ஐயா கேட்டது இதைவிட மேலாகவே நடந்துவிட்டது.

பெர்மெத் வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்தபடி நேராக என்னிடம் வந்தாள். கண் மை கரைந்திருந்தது.

"அக்கா, அப்பா நெசமாவே குழாயக் கழட்டிட்டாரா? எனக்காகவா? அவரால ஒரு நிமிஷம்கூட முடியாதே. அதனாலதான் சீக்கிரம்..." அவள் முடிக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. மண்டபத்துக்கு அது பெருமை. இவளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தூக்க வேண்டிய கல். நான் மூத்தாரைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழக்கம்.

"சொல்லிரு கெலின்" என்றார் அவர். "இப்பவே சொல்லிரு."

"கழட்டலம்மா. கடைசி வரைக்கும் குழாய் இருந்துச்சு. நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் பேசினாரு. தெரிய வேணாம்னு எங்கிட்ட கேட்டாரு, நான் கம்ப்யூட்டர்ல அழிச்சேன். மொத பாதியையும் அழிச்சிருக்கணும். நேரம் பத்தல. அது என் தப்பு."

அவள் என்னையே பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தோள்கள் மெதுவாக இறங்கின, பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"அந்தக் குழாய தெனமும் காலையில நான்தான் மாட்டிவிடுவேன்" என்றாள். "காதுல உறுத்துதுன்னு திட்டுவாரு. மத்தவங்களுக்கு நீங்க அழிச்சதக் குடுங்க. எனக்கு அழிக்காததக் குடுங்கக்கா."

மறுநாள் காலையில் பெரிய கார்டுக்கு வேலை இருக்கவில்லை. சின்னக் கார்டு மட்டும் முகம் காட்ட, குழாயை அழிக்காத பாத்தாவைத் தொடக்கத்திலிருந்து ஓமின் வரை அவளுக்கு அனுப்பினேன்.